பாறையும் மண்ணும் உழைப்பும்: மலையகத்து மண்ணரிப்பின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தது. மனித ஒழுக்கம் எதுவும் இடத்திற்கும் காலத்திற்கும் புறம்பாக நிகழ்வதில்லை என்னும் அடிப்படை உண்மையை அவ்வகுப்பு உணர்த்துகின்றது. ஆயினும் திணைக்கோட்பாட்டை ஆராய்ந்த நம்மவருட் பலர் நிலத்தை மாறுதலற்ற பின்னணியாகவே கொண்டனர். குறிஞ்சி என்றால் மலை; மலை என்றும் உள்ளது; மாறுவன மாந்தரும் அவர்தம் வாழ்க்கையுமே என்பது பொதுவாக நிலவிவரும் எண்ணமாகும். சமூக வரலாற்றை உற்பத்தி முறையின் அடிப்படையில் விளக்க முற்பட்டோர்கூட நிலவுடைமை பற்றி விரிவாகப் பேசினரேயன்றி, உடைமையாக்கப்பட்ட அந்நிலம் யாதனால் ஆயது, எவ்வாறு உருவாயிற்று, உடைமை உறவுகள் மாறியபொழுது அது எவ்வாறு மாறிற்று என்ற வினாக்களைப் புவிச்சரிதவியலாளருக்கு உரியவை என ஒதுக்கிவிட்டனர்.

இலங்கை மலையகத்தைக் களமாகக் கொண்டு அவ்வினாக்களை எழுப்ப இக்கட்டுரை முயல்கின்றது. பாறை, கனிப்பொருள், வானிலையாலழிதல், அரிப்பு என்பன பாடசாலைப் பாடநூல்களில் நாம் கற்று மறந்த சொற்கள். மலையக மக்களின் வரலாற்றை எழுதுவதற்கு அச்சொற்கள் இன்றியமையாதவை என்பது நமது கருத்து. சுருங்கக் கூறின், நாம் நிலைநாட்ட விரும்புவது இதுவே: மண் உருவாகும் வேகத்தை நிர்ணயிப்பது இயற்கை, ஆயின் மலையகத்தில் அம்மண் அழியும் வேகத்தைக் கடந்த ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக நிர்ணயித்து வந்தவற்றுள் முதன்மையானது உற்பத்தி உறவுகளே.

2

முதலிற் பாறையை நோக்குவோம். இலங்கைத் தீவின் பத்தில் ஒன்பது பங்கு கேம்பிரியனுக்கு முற்பட்ட பழம்பெரும் பளிங்குருப் பாறைகளால் ஆனது. யாழ்ப்பாணக் குடாநாடும் வடமேற்குக் கரையோரமும் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல்லைக் கொண்டவை. அவற்றைத் தவிர்த்தால் ஏனைய பெரும்பகுதி உருமாறிய பாறைகளே. மத்திய மலைநாட்டிற் காணப்படும் நைஸ், சார்னோக்கைற்று, குவாட்சைற்று, சலவைக்கல் ஆகியன ஒரு காலத்திற் கடலடியிலும் கரையோரத்திலும் படிந்த மணலும் சேறும் சுண்ணமுமாகவும், அவற்றிடையே புகுந்த தீப்பாறைகளாகவும் இருந்தவை. கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் ஒன்றிணைந்த காலத்தில், இன்றைக்கு ஏறத்தாழ 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், அவை புவியோட்டின் ஆழத்திலே கடும் வெப்பத்துக்கும் அமுக்கத்துக்கும் உட்பட்டு இன்றைய உருவத்தைப் பெற்றன. இந்தியாவின் தென்பகுதி, மடகாஸ்கர், கிழக்கு அந்தாட்டிக்கா ஆகியவற்றிலும் இவற்றோடு உறவுடைய பாறைகள் உள. மலையென்றால் மாறாதது என்னும் எண்ணத்துக்குப் பாறையே தரும் மறுப்பு இது.

பாறை என்பது கனிப்பொருள்களின் கூட்டு. மலையகத்து நைஸ் பாறையிற் பெரும்பாலும் காணப்படுவன குவாட்ஸ், பெல்ட்ஸ்பார், மைக்கா முதலியன. புவியின் ஆழத்தில் உருவான இக்கனிப்பொருள்கள் மேற்பரப்புக்கு வந்ததும், தாம் பழகிய சூழலினின்றும் முற்றாக வேறுபட்ட சூழலை எதிர்நோக்குகின்றன. வெப்பமும் குளிரும் மாறிமாறி வருவதாலும், வேர்கள் வெடிப்புகளிற் புகுவதாலும் பாறை பிளக்கின்றது. இது பௌதிக முறையான அழிவு. மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிப் பெல்ட்ஸ்பாரைத் தாக்குகின்றது. அதிலுள்ள பொற்றாசியம், சோடியம், கல்சியம் ஆகியன கரைந்து நீரோடு செல்ல, எஞ்சுவது களிமண். இது இரசாயன முறையான அழிவு. குவாட்ஸ் இத்தாக்குதலுக்கு எளிதில் இணங்காது மணலாக எஞ்சுகின்றது. இரும்பு ஒட்சைட்டுகள் மண்ணுக்குச் செந்நிறத்தை அளிக்கின்றன. இவையனைத்தும் பாறை இருந்த இடத்திலேயே நிகழ்வதால் இதனை வானிலையாலழிதல் என்கிறோம். அழிந்த பொருளை நீரோ காற்றோ ஓரிடத்திலிருந்து பெயர்த்துச் செல்வதே அரிப்பு. இவ்விரு சொற்களையும் ஒன்றாகக் கொள்வோர் பலர். முன்னையது மண்ணை ஆக்குவது; பின்னையது அதனைக் கொண்டு செல்வது. இவ்வேறுபாடு பின்னர் நாம் கூறவிருக்கும் வரலாற்றுக்கு மிக முக்கியமானது.

மலையகத்தின் மேற்குச் சரிவுகளிற் சில இடங்கள் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றர் அளவில் மழை பெறுவன. வெப்பமும் ஈரமும் மிகுந்த இத்தகைய சூழலில் இரசாயன அழிவு பாறையின் உட்பகுதிவரை செல்கின்றது. பல மீற்றர் ஆழத்துக்குப் பாறை தன் உருவரை கெடாமலே மென்மையுற்றுக் கிடப்பதைப் பாதைக்காக வெட்டப்பட்ட மலைமுகங்களிற் காணலாம். ஆயினும் இந்த ஆழம் செழிப்பின் அடையாளமன்று. பயிருக்கு வேண்டிய உப்புகளை மழை முன்னரே கழுவிச் சென்றுவிட்டது. எஞ்சிய ஊட்டம் பெரிதும் மேலே கிடக்கும் மெல்லிய மக்கிய படையிலும் அதன்மேல் நின்ற காட்டிலுமே தங்கியிருந்தது. இலை உதிர்ந்து மக்குவதும், மக்கியதை வேர் மீண்டும் உறிஞ்சுவதுமாக அக்காடு தன் உணவைத் தானே சுழற்றி வந்தது. ஒரு சென்ரிமீற்றர் மேல்மண் உருவாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் செல்லும். காட்டின் விதானமும் சருகுப் படையும் மழைத்துளியின் மோதலைத் தாங்கியதனால், ஆக்கமும் அரிப்பும் ஏறத்தாழச் சமநிலையில் இருந்தன.

அரிப்பு எப்பொழுதும் கேடன்று என்பதையும் இவ்விடத்துக் கூறுதல் வேண்டும். இரத்தினபுரிப் பள்ளத்தாக்குகளில் அகழப்படும் நீலம் முதலிய மணிகள் மலையிலிருந்து வந்தவையே. அவற்றைத் தாங்கியிருந்த பாறை அழிந்து களியாகவும் மணலாகவும் போக, அழிவுக்கு இணங்காத கடினமான கனிகள் ஆற்றினால் உருட்டப்பட்டு, ‘இல்லம்’ எனப்படும் சரளைப் படையிற் சேர்ந்தன. கழிமுகங்களின் வண்டலும் வயல்நிலங்களின் வளமும் அவ்வாறு அமைந்தவையே. எனவே, அரிப்பு உண்டா இல்லையா என்பதன்று வினா; எந்த வேகத்தில், எவருடைய நலனுக்காக, எவருடைய இழப்பில் என்பதே வினா.

3

இவ்வறிவியலின் தோற்றமே ஒரு சமூக வரலாறு என்பது மனங்கொள்ளத்தக்கது. நவீன புவிச்சரிதவியலின் மூலவருள் ஒருவரான ஜேம்ஸ் ஹற்றன் ஸ்கொத்லாந்திலே தமது குடும்பப் பண்ணையைப் புதிய முறைகளிற் சீர்செய்து நடத்தியவர். விவசாயம் முதலாளித்துவ அடிப்படையில் மாற்றியமைக்கப்பட்டுக் கொண்டிருந்த காலம் அது. வயலின் மண் மழைதோறும் வாய்க்காலிற் கலந்து கடலுக்குச் செல்வதை அவர் கண்டார். பாறை அழிவதனாலேயே மண் உண்டாகின்றது. அம்மண்ணும் ஓயாது கடலுக்குச் செல்கின்றது. அவ்வாறாயின் நிலம் முழுவதும் ஒரு நாள் தேய்ந்து அழிந்துபோக வேண்டுமன்றோ? கடலடியிற் படிந்தவை இறுகிப் பாறையாகி, உள்வெப்பத்தால் உயர்த்தப்பட்டு மீண்டும் நிலமாகின்றன என்பது அவர் கண்ட விடை. 1785 இல் எடின்பரோ றோயல் கழகத்தில் முன்வைக்கப்பட்டு, 1788 இல் அச்சாகி, 1795 இல் நூலாக விரிந்த அக்கொள்கை, சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் உலக வரலாற்றை அடக்கிய விவிலியக் காலக்கணக்கைத் தகர்த்தது. ஒரு பண்ணையாளரின் நடைமுறைக் கவலை புவியின் காலத்தையே திறந்துகாட்டியது எனலாம்.

ஹற்றனின் சுழற்சியில் மண் மீண்டும் நிலமாகத் திரும்பும். ஆனால் அதற்கு வேண்டியது கோடிக்கணக்கான ஆண்டுகள். மனித சமுதாயம் வாழ்வது அக்காலத்தில் அன்று. இவ்விரு காலங்களுக்கும் இடையிலான முரண்பாட்டைச் சமூக உறவுகளோடு இணைத்து நோக்கியவர்கள் மார்க்சும் ஏங்கெல்சுமே. லீபிக்கின் விவசாய இரசாயனத்தை ஊன்றிக் கற்ற மார்க்ஸ், முதலாளித்துவ விவசாயத்தின் ஒவ்வொரு முன்னேற்றமும் தொழிலாளியைச் சுரண்டுவதில் மாத்திரமன்றி மண்ணைச் சுரண்டுவதிலும் அடையும் முன்னேற்றமே என்ற கருத்தை 1867 இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்தில் நிறுவினார். ஏங்கெல்ஸ் 1876 இல் எழுதிய கட்டுரையொன்றிற் கியூபாவின் ஸ்பானியத் தோட்டக்காரரை எடுத்துக்காட்டினார். மலைச்சரிவுக் காடுகளை எரித்து, அச்சாம்பலை ஒரு தலைமுறைக் கோப்பிக்கு எருவாக்கி இலாபம் பெற்ற அவர்கள், பின்னர் பெருமழை மேல்மண்ணை அடித்துச் சென்று வெறும் பாறையை மிச்சம் விட்டதைப் பற்றிக் கவலை கொள்ளவில்லை என்பது அவர் கூற்றின் சாரம். கியூபா பற்றி அவர் இதனை எழுதிய அதே ஆண்டுகளில், இலங்கையின் மலைச்சரிவுகளிலும் அதே பயிருக்காக அதே செயல் நிகழ்ந்துகொண்டிருந்தது.

4

1815 இற் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைப்பட்டது. 1820 களிற் கம்பளைப் பகுதியிற் கோப்பித் தோட்டம் தொடங்கப்பட்டது; கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் பாதையும் அக்காலத்திலேயே அமைந்தது. ஆயினும் மலையகத்தின் உடைமை முறையைத் தலைகீழாக்கியது 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டமே. காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவை என அது அனுமானித்தது. சுழற்சி முறையிற் சேனை செய்து, பல ஆண்டுகள் நிலத்தைக் காடாக விட்டுவந்த கிராமத்தவரிடம் அதற்கு எழுத்துச் சான்று கேட்கப்பட்டது. இவ்வாறு முடிக்குரியதாக்கப்பட்ட நிலத்தைத் தோட்டத்துக்காக வாங்கியோருள் தேசாதிபதி ஸ்ருவார்ட் மக்கென்சி உட்பட உயர் அதிகாரிகள் பலர் இருந்தமை வரலாற்றாசிரியர் பலராற் சுட்டிக்காட்டப்பட்டதொன்று.

இச்சட்டம் உடைமையை மாத்திரம் மாற்றவில்லை. நிலம் ஓய்வெடுக்கும் காலத்தையே இல்லாதொழித்தது. சேனையில், நிலம் மீண்டும் காடாகிப் புது மண்படை சேரும்வரை காத்திருத்தல் உற்பத்தி முறையின் ஓர் அங்கமாக இருந்தது. தோட்டத்தில் முதலீட்டின் வட்டிக்கு அத்தகைய ஓய்வு கிடையாது. காடு வெட்டப்பட்டது; வெட்டியது எரிக்கப்பட்டது; அச்சாம்பலில் வெயிலும் மழையும் நேரே படக் கோப்பி நடப்பட்டது. களை ஒன்றுகூட நில்லாதபடி சுரண்டியாற் சுத்தமாகச் செதுக்குதல் சிறந்த தோட்ட முகாமையின் இலக்கணமாகக் கொள்ளப்பட்டது. கண்ணுக்கு ஒழுங்காகத் தோன்றிய அந்த வெறுநிலத்தை ஒவ்வொரு பருவமழையும் உரித்தெடுத்தது. பல நூற்றாண்டுகளிற் சேர்ந்த மேற்படை ஒரு தலைமுறைக்குள் ஆற்றோடு போயிற்று. பின்னாளிற் சேனைப்பயிர்ச் செய்கையே காடழிவுக்கும் மண்ணரிப்புக்கும் தலையாய காரணம் என்று அதிகாரிகள் ஓயாது கூறிவந்தமை இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. நிலத்தைப் பறிகொடுத்தவனே நிலத்தை அழித்தவனாகக் காட்டப்பட்டான்.

1869 இல் மடுல்சீமைப் பகுதியிற் கோப்பி இலைநோய் முதன்முதற் காணப்பட்டது. எனினும் சந்தை விலை உயர்ந்திருந்தமையால் நடுகை நிற்கவில்லை. 1878 அளவிற் கோப்பி ஏறத்தாழ 2,75,000 ஏக்கரிற் பரவியிருந்தது. நோய் கண்ட பயிரை நம்பிப் புதுக் காடு எரிக்கப்பட்டது என்பதே இதன் பொருள். கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஹூக்கர் 1873 இல் விடுத்த எச்சரிக்கையைத் தொடர்ந்து, 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை விற்பதற்குத் தடை வந்தது. உச்சிக் காடுகள் எஞ்சியமைக்கு அது பெரிதும் உதவியது என்பதில் ஐயமில்லை. ஆயின் அத்தடை வந்த காலத்தில், அவ்வெல்லைக்குக் கீழே இருந்தவற்றுட் பெரும்பகுதி ஏற்கெனவே தோட்டமாகியிருந்தது.

கோப்பி வீழ்ந்தபொழுது அதே சரிவுகளிற் தேயிலை வந்தது. ஜேம்ஸ் ரெயிலர் 1867 இல் லூல்கந்துரவிற் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, அந்நூற்றாண்டு முடிவதற்குள் 3 இலட்சம் ஏக்கருக்கு மேற் பரவிற்று. தேயிலை கிளைத்து மூடிவிட்டால் மண்ணை ஓரளவு காக்கும். ஆனால் இளஞ்செடிக் காலத்திலும், கவ்வாத்துச் செய்தபின்னும், செடி பட்டுப்போன வெற்றிடங்களிலும் மண் வெளிப்பட்டே கிடக்கும். கோப்பி உரித்த நிலத்திற் தேயிலை தொடங்கியது என்பதையும் மறத்தலாகாது. இழந்த ஊட்டத்தை ஈடுசெய்யச் செயற்கை உரம் இறக்குமதியாயிற்று. மண்ணின் இழப்பு தோட்டக் கணக்கில் உரச் செலவு என்னும் தலைப்பின்கீழ் மாத்திரம் இடம்பெற்றது. 1931 இல் மண்ணரிப்பு பற்றிய குழுவின் அறிக்கை வெளிவந்தது. மண் பாதுகாப்புச் சட்டம் 1951 இலேயே நிறைவேறிற்று. காடு எரிக்கத் தொடங்கி ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்குப் பின்னரே சட்டம் மண்ணைக் கண்டது.

5

இவ்வரலாற்றில் உழைப்பாளியின் இடம் யாது? தென்னிந்தியாவின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிகளாற் கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரே காட்டை வெட்டினர், களையைச் சுரண்டினர், பாதையை அமைத்தனர். ஆனால் மண்ணை அழித்த அதே கைகள்தாம் மண்ணைக் காக்கவும் செய்தன என்பது போதிய அளவு எழுதப்படவில்லை. சரிவின் குறுக்கே கான் வெட்டியவரும், கான் நிரம்பியபொழுது சேற்றை வாரி மேலே போட்டவரும், கல்லடுக்கி அணை கட்டியவரும் அவர்களே. மலையகத்திற் குன்றுதோறும் ஓடும் கான்களும் கல்லணைகளும் பல தலைமுறை உழைப்பு மண்மீது எழுதிய ஆவணம் எனத் தகும். இலாபம் குறைந்த ஆண்டுகளில் முதலில் வெட்டப்படும் செலவுகளுள் ஒன்று இத்தகைய வேலையே. ஏனெனிற் கொழுந்து அன்றைக்கு விலைபோவது, கானின் பயனோ பின்னொரு மழையில்தான் தெரிவது.

ஆனந்த குமாரசுவாமியை இவ்விடத்து நினையாமலிருத்தல் இயலாது. கலை வரலாற்றாசிரியராக நாம் அறிந்த அவர், இலண்டனிற் புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்று, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருளியல் அளவையின் முதற் பணிப்பாளராக இருந்தவர். தோரியனைற்று என்னும் கனிப்பொருள் 1904 இல் அவர் பணியின்போதே கண்டறியப்பட்டது. பாறைகளைத் தேடி மலைநாட்டுக் கிராமங்களினூடே சென்ற காலத்திற் கண்டிப்பகுதிக் கைவினைகள் நலிவதைக் கண்டு, 1908 இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். கனிப்பொருளிலிருந்து மனிதனுக்கு வந்த அப்பயணம் போற்றுதற்குரியது. எனினும், பழைய கைவினைஞரின் வீழ்ச்சியைத் துயரோடு எழுதிய அப்பேரறிஞரின் ஆய்வுப் பொருளாகத் தோட்டத் தொழிலாளர் அமையவில்லை. நலிந்த கலையையும், உரிக்கப்பட்ட மண்ணையும், லயத்தில் அடைக்கப்பட்ட மனிதரையும் ஒரே நிகழ்வின் விளைவுகளாகக் காண்பதற்கு வேறொரு வர்க்க நோக்கு வேண்டியிருந்தது. அந்நோக்கைப் பின்னர் மலையகத்திலேயே பிறந்து தொழிற்சங்கத்தில் உழைத்த சி. வி. வேலுப்பிள்ளை போன்றோரின் எழுத்துகளிற் காண்கிறோம். தேயிலைச் செடியின் அடியிற் புதையுண்டு மண்ணாகிப்போன முன்னோர் பற்றிய அவரது உணர்வு வெறும் உருவகமன்று. அது ஒரு பொருளாதார உண்மையின் கவிதை வடிவம்.

6

இனி, இன்றைய நிலைமைக்கு வருவோம். மேலே கூறியவாறு, மலைச்சரிவுகளில் ஆழமாக அழிந்த பாறையும், மேலிருந்து சரிந்து தேங்கிய பழைய மண்திரளும் உறுதியான அடிப்பாறைமீது கிடக்கின்றன. தொடர்மழையில் நீர் உட்புகுந்து துளைகளை நிரப்பும்பொழுது, துகள்களிடையே உள்ள பிடிப்புக் குறைகின்றது, முழுத்திரளும் பாரமடைகின்றது. நைஸ் படைகள் சாயும் திசையும் சரிவின் திசையும் ஒன்றாயின் ஆபத்து மேலும் கூடும். நீர் வடியும் கான் தூர்ந்திருப்பின், அல்லது பாதைக்காகவோ வீட்டுக்காகவோ சரிவின் அடி வெட்டப்பட்டிருப்பின், மண்சரிவுக்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் ஆபத்தானது என 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. அதன் பின்னர் பெரும்பாலும் எழுந்த கேள்வி, எச்சரித்தும் அம்மக்கள் ஏன் வெளியேறவில்லை என்பதே. எங்கே வெளியேறுவது என்ற கேள்வி அரிதாகவே எழுந்தது. லயம் அவர்களுடையதன்று, அது நின்ற நிலமும் அவர்களுடையதன்று. தோட்டத்தின் உற்பத்திப் பயனுள்ள நிலத்தை விட்டுக்கொடாமல், வேலைத்தலத்துக்கு அருகே, கிடைத்த இடத்திற் குடியிருப்பை அமைப்பது கோப்பிக் காலத்திலிருந்து வந்த கணக்கு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையில் மலையக மாவட்டங்களில் மீண்டும் மண்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டன. அப்பொழுதும் ‘இயற்கை அனர்த்தம்’ என்ற சொற்றொடரே எங்கும் ஒலித்தது.

மழை இயற்கையானது, நைஸ் பாறை களியாவதும் இயற்கையே. ஆனால் எந்தச் சரிவிற் காடு இல்லை, எந்தக் கான் தூர்ந்தது, எவருடைய வீடு எந்தச் சரிவின் கீழ் நிற்கின்றது என்பவற்றை இயற்கை தீர்மானிப்பதில்லை. இழப்பு மலையோடு நிற்பதுமில்லை. மலையிலிருந்து வரும் மண் மகாவலியின் நீர்த்தேக்கங்களிற் படிகின்றது. 1976 இல் இயங்கத் தொடங்கிய பொல்கொல்லை அணைக்கட்டுத் தேக்கத்திற் பெருமளவு வண்டல் சேர்ந்தமை பொறியியலாளர் நன்கறிந்த செய்தி. மேலே தொழிலாளியின் காலடியில் நழுவும் மண்ணும் கீழே விவசாயியின் பாசனத்தைக் குறைக்கும் வண்டலும் ஒன்றே. மொழியாலும் இனத்தாலும் பிரித்து வைக்கப்பட்ட இரு உழைக்கும் மக்கட் பகுதியினரின் நலன் ஒன்று என்பதற்கு இதைவிடத் திட்பமான சான்று வேறு தேவையில்லை.

7

இதுகாறும் கூறியவற்றால் இரு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஆய்வு பற்றியது. மலையக வரலாற்றை ஊதியம், சட்டம், குடியுரிமை ஆகியவற்றின் வரலாறாக மாத்திரம் எழுதுதல் போதாது. 1948 இன் குடியுரிமைச் சட்டம் அம்மக்களின் அரசியல் உரிமையைப் பறித்தது போலவே, அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னர் வந்த காணிச் சட்டமும் அவர்கள் வாழவிருந்த மண்ணின் விதியை எழுதிவிட்டது. தோட்டப் பதிவேடுகளையும் மலையக நாட்டார் பாடல்களையும் மண்ணியல் அறிக்கைகளையும் ஒருங்கே வைத்து நோக்கும் ஆய்வுகள் நமது பல்கலைக்கழகங்களில் தோன்றவேண்டும்.

இரண்டாவது, நடைமுறை பற்றியது. மண் பாதுகாப்பு என்பது புல் நடுவதும் கான் வெட்டுவதும் பற்றிய தொழினுட்பப் பிரச்சினை மாத்திரமன்று. நாளை தன்னுடையதாக இராத நிலத்தை இன்று பேணுமாறு எவரையும் கட்டளையிட்டுப் பேணச் செய்தல் அரிது. பாதுகாப்பான நிலத்தில் வீடும், அந்நிலத்துக்கு உறுதியும் மலையக மக்களுக்குக் கிடைப்பது நீதி சார்ந்த கோரிக்கை. அதேவேளை அது மண்ணைக் காக்கும் கோரிக்கையுமாகும். பாறை மண்ணாவதற்கு வேண்டிய காலத்தை நம்மாற் குறைக்க இயலாது. ஆனால் அம்மண் எவருக்காக, எவ்வளவு விரைவில் அழியவேண்டும் என்பதை முடிவுசெய்யும் உறவுகள் மனிதர் ஆக்கியவை. எனவே மனிதரால் மாற்றத்தக்கவை.